தூக்கிப் பார்த்து வாங்கிய அம்ப்

யாழ்ப்பாணத்தில் வால்வு அம்ப் வாங்க நினைக்கிற பெடியள் என்னிடம் முதலில் கேட்பது வாட்ஸ் கணக்குத்தான். "அங்கிள், பதினைஞ்சு வாட்ஸ் காணுமோ, நாப்பது வேணுமோ?" மறுமொழி சொல்ல முன்னம், பெட்டியை ஒருக்கால் தூக்கிப் பார்க்கச் சொல்லுவேன். வால்வு அம்பின் பாரத்தில் பெரும்பங்கு இரும்பும் செம்பும்தான். கரண்ட் வருகிற பக்கத்தில் ஒரு ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கர் பக்கத்தில் இன்னொன்று. பலகையும் ஸ்பீக்கரின் காந்தமும் பாரம்தான் என்றாலும், ஒரே அளவுப் பெட்டி இரண்டை மாறி மாறித் தூக்கினால் எதில் இரும்பைச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரிந்துவிடும். இரும்பைச் சுருக்கிய பெட்டியில் ஆறாம் கம்பியை ஓங்கி அடித்தால் ஒலி கலங்கும். வீட்டு அறைக்குள் அது தெரியாது. ட்ரம்ஸ் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும்.

எங்கள் மேடைக்கு வேண்டியது தெளிந்த ஒலி. ராக் இசைக்காரர் தேடித் திரிகிற கரகரப்பு இங்கே ஓரிரு பாட்டுக்குத்தான் உதவும். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு எங்கள் இசைக்குழுக்கள் அதிகம் எடுத்தது இளையராஜாவின் பாட்டுகளை. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' வந்ததும், எந்த அம்பைச் சோதிப்பதென்றாலும் அதன் தொடக்கக் கிற்றாரை வாசித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கம்பி கம்பியாகப் பிரித்து வாசிக்கும்போது ஒரு சுரம் மற்றச் சுரத்தின் மேல் வழியக் கூடாது. வேதப் பாட்டுக்கும் பஜனைக்கும் அதே தேவைதான். அம்ப் தன் எல்லையைத் தொடுகிற இடத்தில் தெளிவு போய்விடும். ஆகவே தெளிவு வேண்டுகிறவன், தான் பாவிக்கிற சத்தத்துக்கு மேலே கொஞ்சப் பலம் எப்போதும் மிச்சம் இருக்கிற பெட்டியாகப் பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தை மலிவாக எங்கே எடுக்கலாம் என்பதைத்தான் இவ்வளவு காலமும் தேடியிருக்கிறேன்.

நான் வேலை பழகியது எழுபதுகளின் நடுவில், ஒரு றேடியோ திருத்தும் கடையில். இறக்குமதி இறுகிக் கிடந்த காலம் அது. 1977இல் ஆட்சி மாறும்வரை கிற்றார் அம்ப் என்று ஒரு சாமானைக் கடையில் காண முடியாது. கிற்றார்க் கம்பி பழசானால் வெந்நீரில் அவித்துத் துடைத்துத் திரும்பவும் பூட்டுவார்கள். ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் தமிழ்ப் பொப் பாடலை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிருந்தார்கள். திருகோணமலையில் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்கள், யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி என்று பேர்கள் அடிபட்டன. அம்ப் இல்லாத பெடியள் வீட்டு வால்வு றேடியோவையே அம்பாக்கினார்கள். றேடியோவின் பின்பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டியைப் பூட்டுவதற்கென்று இரண்டு துளை இருக்கும். அதில் கிற்றார் வயரைச் செருகினால் சத்தம் வரும். ஒற்றை ஈஎல்84 வால்வு, நாலைந்து வாட்ஸ்தான். ஆனால் அந்த நாலைந்து வாட்ஸுக்குள் கேட்ட இனிமை இன்றைக்கும் என் காதில் அளவுகோலாக இருக்கிறது.

அதில் ஆளைக் கொல்லுகிற ஒரு விஷயமும் இருந்தது. ஒருநாள் கொக்குவில் பக்கமிருந்து ஒரு பெடியன் றேடியோவையும் கிற்றாரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். "கம்பியைத் தொட்டா விறைக்குது மாஸ்டர்" என்றான். எனக்கு வேலை பழக்கிய மாஸ்டர் பின் அட்டையைக் கழற்றினார். மீற்றரைத் தொடவில்லை. வால்வுகளில் எழுதியிருந்ததை மட்டும் படித்தார். எல்லாம் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கின. யூசிஎச்81, யூஎல்84. உடனே பெடியனின் கையிலிருந்த வயரை வாங்கித் தன் லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

பிறகு எனக்கு விளக்கினார். ஐரோப்பிய வால்வின் முதலெழுத்து அதன் சூட்டு இழையைப் பற்றிச் சொல்லும். 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். அந்தப் பெட்டியில் வழக்கமாக ட்ரான்ஸ்போமர் இருக்கும், அது மெயின்ஸைப் பிரித்து வைக்கும். 'யூ' என்றால் இழைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 100 மில்லி அம்பியரில் நேரே மெயின்ஸில் ஓடும். ட்ரான்ஸ்போமர் இல்லாததால் சேசிஸே மெயின்ஸின் ஒரு முனை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட்டும் சேசிஸில் நிற்கும். கிற்றாரின் கம்பிகள் வயரின் வெளியுறை வழியாக அதே சேசிஸுக்குத்தான் போய்ச் சேருகின்றன. சில பெட்டிகளில் இடையில் ஒரு கொண்டென்சர் வைத்துப் பிரித்திருப்பார்கள். பழைய கொண்டென்சரை நம்பி ஒருவனின் உயிரைத் தொங்கவிட முடியாது. இன்றைக்கும் யாராவது பழைய றேடியோவைக் கிற்றார் அம்பாக மாற்றித் தரச் சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். 'யூ' என்றால் கை வைக்க மாட்டேன்.

மேடைக்கு அப்போது இருந்தது திருவிழா ஒலிபெருக்கிக்காரரின் வால்வு அம்ப். இந்தியாவிலிருந்து வந்த அகூஜா பெட்டிகள் அவர்களிடம் இருந்தன. பலம் தாராளம், ஆனால் கோயில் தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கென்று செய்தது. குழாயில் கீழ்ச்சுருதி வராது, கிற்றார் மூக்கால் பேசும். தச்சுக்காரரைக் கொண்டு பலகைப் பெட்டி அடிப்பித்து, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைப் பூட்டி, அந்த அம்பின் எட்டு ஓம் முனையில் கொடுத்தபோது அதே கிற்றார் வேறாக ஒலித்தது. அம்பில் ஒரு திருகாணியைக்கூட நாங்கள் திருப்பவில்லை. ஸ்பீக்கருக்குச் செலவழிக்கிற காசு வீண்போகாது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

1977க்குப் பிறகு ஜப்பான் ட்ரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தன. பாரம் குறைவு, சூடு இல்லை. குழுக்காரர் வால்வுப் பெட்டிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. தெளிவு மட்டும்தான் வேண்டுமென்றால், 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ட்ரான்சிஸ்டர் அம்பை மிஞ்சுவது இன்றைக்கும் கடினம். ஆனால் விரல் கொஞ்சம் அழுத்தினால் ஒலி மெல்லப் பருத்து, விரல் தளர்ந்தால் மெலிகிற குணம் வால்வில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. பாடுகிறவரின் குரலுக்குக் கீழே கிற்றார் இருந்து கொடுப்பதற்கு அந்தக் குணம் வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு லக்சபான நீர்மின் நிலையத்துக் கரண்ட் இல்லாமல் போனது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் வராது, எரிபொருளும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். வால்வு அம்ப் அந்தக் காலத்துக்கு ஒத்துவராத சாமான். நாலு ஈஎல்84, மூன்று ஈசிசி83 உள்ள ஒரு பெட்டியில் இழைகளைச் சூடாக்க மட்டும் 25 வாட்ஸ் போய்விடும். ஒரு சுரம்கூட வாசிக்கமுன்னம் அது. மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சின்ன ஜெனறேற்றரில் அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? நிகழ்ச்சிகள் கார் பற்றறியில் ஓடுகிற ட்ரான்சிஸ்டர் அம்பில் நடந்தன. வால்வுப் பெட்டிகளைக் கழற்றி, ட்ரான்ஸ்போமரின் செம்புக் கம்பியை உருவி வேறு வேலைகளுக்கு எடுத்தார்கள். என் கைக்கு வந்தவற்றில் ஸ்பீக்கர்ப் பக்க ட்ரான்ஸ்போமர்களை மட்டும் நான் கழற்ற விடவில்லை. அதைத் திரும்பச் சுற்றுவது மோட்டார் சுற்றுவதைப் போல இல்லை. முதற்சுருளையும் இரண்டாம் சுருளையும் அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்றினால்தான் மேல்சுருதி தப்பும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, என் சைக்கிள் கரியரில் அரிசிப் பையோடு அப்படி ஒரு ட்ரான்ஸ்போமரும் சாரத்தில் சுற்றியபடி வந்தது. மற்றவை வீட்டோடு போய்விட்டன.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரத் தொடங்கினார்கள். அவர்களோடு அம்புகளும் வந்தன. இலண்டன், பாரிஸ், சுவிஸ் பக்கமிருந்து வந்த பெட்டிகளில் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட்தான். கனடாவிலிருந்து வந்தவைதான் என் மேசையை நிரப்பின. ரொறன்ரோவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். இங்கே 230, 50. மாமா ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஃபென்டரை மருமகன் பிளக் மட்டும் மாற்றிச் செருகினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பியூஸ் முந்திக்கொண்டால் தப்பும். பியூஸ் ஏற்கெனவே எரிந்து, யாரோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தால் ட்ரான்ஸ்போமர் கருகிய மணத்தோடுதான் பெட்டி வரும்.

கனடாப் பெட்டி கையில் கிடைத்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சேசிஸைத் திறந்து, ட்ரான்ஸ்போமரில் 230க்கென்று தனி வயர் விட்டிருக்கிறார்களா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இருந்தால் மாற்றிப் பூட்டலாம். இல்லையென்றால் 230ஐ 120க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். அம்ப் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். பயணிகளுக்கு விற்கிற, உள்ளங்கையில் அடங்குகிற மின்மாற்றிகளில் பலது இரும்பு இல்லாத மின்னணுச் சாமான். அவை தண்ணீர் சூடாக்கத்தான் உதவும், அம்பைக் கெடுத்துவிடும். 60 ஹேட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்போமர் 50இல் கூடுதலாகச் சூடேறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இனாமாக வந்த அம்ப் சில வேளை விலை கூடியதாகிவிடும்.

கரண்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் தெளிவைக் கெடுக்கிறதில் அதற்குப் பெரிய பங்கு. திருவிழா மேடை ஜெனறேற்றரில் ஓடும். அதே ஜெனறேற்றரில் மின்சோடனையும் பெரிய பாஸ் ஸ்பீக்கர்களும் தொங்கும். பாஸ் ட்ரம் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் 230 வோல்ட் 200க்கு இறங்குவதை மீற்றரில் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அம்புக்குள்ளே 6.3 வோல்ட் இருக்கவேண்டிய இழையில் 5.5தான் இருக்கும், 400 வோல்ட் இருக்கவேண்டிய வால்வின் தட்டில் 350. பலத்தில் காற்பங்கு போய்விட்டது. மிச்சமென்று வைத்திருந்தது அவ்வளவும் அங்கே கரைந்துவிடும். கிற்றார்க்காரன் அம்ப் சரியில்லை என்று அடுத்த நாள் என்னிடம் கொண்டுவருவான். கடையில் பூட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இராது. அம்புக்கென்று தனி லைன் கேளுங்கள், முடிந்தால் ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். சோடனை விளக்குகளை ஒரேயடியாக அணைக்கும்போது 260க்கு ஏறுவதிலிருந்தும் அது காக்கும், வால்வின் ஆயுளும் கூடும்.

எர்த் இன்னொரு தலையிடி. எங்கள் நிலத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி ஆழமாக இறங்காது. சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்துவிட்டால் எர்த் பெயருக்குத்தான். அம்ப் உறுமத் தொடங்கும். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுகிற பழக்கம் பல மேடைகளில் உண்டு. உறுமல் நின்றுவிடும், அடுத்ததாகப் பாடகரின் உதடு மைக்கில் பட்டதும் கரண்ட் அடிக்கும். கிற்றாரும் மைக்கும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும், எர்த் கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும். கிற்றாரைத் தொட்ட கையின் புறங்கையால் முதலில் மைக்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை என்னிடம் வந்த எல்லாருக்கும் பழக்கியிருக்கிறேன்.

இனி அம்புக்கு வருகிறேன். போருக்குப் பிறகு இங்கே அதிகம் கண்டது ஃபென்டர் ப்ளூஸ் ஜூனியர். பதினைந்து வாட்ஸ், இரண்டு ஈஎல்84, ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், கிட்டத்தட்ட 14 கிலோ. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். அதற்கு மேலே ஹொட் ரொட் டீலக்ஸ், நாற்பது வாட்ஸ், இரண்டு 6எல்6, 20 கிலோவுக்குக் கிட்ட. தெளிவுக்கு நாற்பதுதான் வசதி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பலம் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். நாற்பது வாட்ஸ் பதினைந்தைவிட 4 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

பாசையூரில் ஒரு குழு பதினைந்து வாட்ஸ் அம்ப் வைத்திருந்தது. வேறு பெட்டிதான், பேர் வேண்டாம். ட்ரம்ஸ் தொடங்கியதும் கிற்றார் கரகரத்தது. அதை விற்று நாற்பது வாட்ஸ் எடுக்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். அதன் உணர்திறன் 96 டெசிபல். என்னிடம் பழைய பெட்டியொன்றிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் கிடந்தது, அதே எட்டு ஓம், 100 டெசிபல். மாற்றிப் பூட்டினேன். 4 டெசிபல் என்றால் இரண்டரை மடங்கு பலத்துக்குச் சமம். பதினைந்து வாட்ஸ் பெட்டி முப்பத்தேழு வாட்ஸ் பெட்டியைப் போலக் கேட்டது. பிறகு முன்வரிசை முதல் வால்வைக் கழற்றினேன். அது ஈசிசி83, 12ஏஎக்ஸ்7 என்றும் எழுதியிருக்கும், பெருக்கம் 100. பழைய டப்பாவுக்குள் கிடந்த ஈசிசி81ஐ அதே கால்களில் செருகினேன், பெருக்கம் 60. கிற்றாரின் உரத்த பிக்கப் முதல் அடியிலேயே அம்பைத் திணறவைப்பது அதோடு குறைந்தது. கடைசியாக, மாஸ்டர் வொலியூமை முழுக்கத் திறந்து, முன் வொலியூமைக் குறைத்து வைக்கச் சொன்னேன். அவர்கள் தலைகீழாக வைத்திருந்தார்கள். சேர்த்த காசில் ஒரு நல்ல மைக் வாங்கினார்கள், ஷுவர் 57. ஜூன் 13 அந்தோனியார் திருநாளையொட்டிய நிகழ்ச்சியில் அதே பெட்டியோடுதான் மேடையேறினார்கள்.

அந்த மைக் வாங்கியது நல்ல முடிவு. வெளிமைதானத்தில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் விழும், தாங்கிப் பிடிக்கச் சுவரும் இல்லை. தவில் சமா முடிந்த அதே மேடையில் ஏறுகிற கிற்றார், அம்பின் பலத்தால் சனத்தை எட்டப் பார்ப்பது வீண்வேலை. அம்ப் வாசிக்கிறவனுக்கும் ட்ரம்ஸ்காரனுக்கும் கேட்டால் போதும், சனத்துக்கு மைக்கும் ஒலியமைப்பும் இருக்கின்றன. அம்பைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையில் ஏற்றி, முகத்தைச் சாய்த்து வைத்தாலே வாசிக்கிறவன் வொலியூமைக் குறைத்துவிடுவான். காலுக்குக் காது இல்லை என்று மாஸ்டர் சொல்லுவார்.

2022இல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360க்கு வந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. அதே மார்ச்சில் ரஷ்யாவிலிருந்து வால்வு ஏற்றுமதியும் தடைப்பட்டது. சீனாவின் பெரிய வால்வுத் தொழிற்சாலை ஏற்கெனவே நின்றிருந்தது, சுலோவாக்கியாவின் ஜேஜே வால்வுக்கு உலகமே வரிசையில் நின்றது. அந்த வருடத்துக்குப் பிறகு, அம்ப் தெரிவுசெய்வதில் நான் இன்னொன்றையும் பார்க்கிறேன்: அதில் எத்தனை பவர் வால்வு, மாற்றுவதற்கு என்ன செலவு, வால்வுக்குள் ஓடுகிற கரண்டை அளவாக்கும் பயஸைச் சரிசெய்யத் திருகு இருக்கிறதா. கடற்காற்றில் வால்வுச் சொக்கற்றின் கவ்விகள் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணிபோல ஒலிப்பது போகப்போகிற வால்வு.

போன வருடம் குருநகர்ப் பக்கமிருந்து கோயில் பாடகர் குழுப் பெடியள் இருவர் வந்தார்கள். கையில் இருந்த காசுக்கு இரண்டு பெட்டி பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று புதுசு, பளபளப்பு, ஒற்றைப் பவர் வால்வு, ஐந்து வாட்ஸ். மற்றது பிரான்சிலிருந்து வந்த பழைய பீவி கிளாசிக் 30, மஞ்சள் துணி கிழிந்தது, நாலு ஈஎல்84, முப்பது வாட்ஸ். புதுசில் ஆசை அவர்களுக்கு. இரண்டையும் வரவழைத்து, மைக் இல்லாமல், ஒருவனை மேசையில் தாளம் போடவைத்து மற்றவனை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது பாட்டில் அவர்களே பழைய பெட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மிஞ்சிய காசில் கரண்ட் பக்கத்துப் பெரிய கொண்டென்சர்களை மாற்றினேன், இரண்டு பவர் வால்வு களைத்திருந்ததால் நாலையும் ஒரே தரத்தில் புதுசாகப் போட்டேன். வொலியூம் நாலுக்கு மேலே போவதில்லை என்று சொல்லுகிறார்கள். கொடுக்கும்போது பின்பலகையின் உள்ளே ஒரு தாள் ஒட்டிவிட்டேன். பியூஸின் அளவு, வால்வு மாற்றிய மாதம், ஸ்பீக்கர் வயரைப் பூட்டாமல் சுவிச்சைப் போட்டால் ட்ரான்ஸ்போமர் போய்விடும் என்பது, அணைத்த பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம் என்பதால் பின்பலகையைத் தாங்களாகக் கழற்றக் கூடாது என்பது. நாலும் பெரிய எழுத்தில், சிவப்பு மையில்.